பொருளுக்கு ஓர் எழுத்து

புகைவண்டி நிலையத்தில் ஒரு மேடையின் முகப்பில் 7 என்னும் எண் எழுதிய பலகை தொங்குகின்றது. தமிழர் அதனைப் பார்த்து ‘ஏழு’ என்கின்றார். தெலுங்கர் ‘ஏடு’ என்கின்றார். இந்தி பேசுவோர் ‘சாத்’ என்றும், ஆங்கிலேயர் ‘செவன்’ என்றும் படிக்கின்றனர். நால்வர் வாயிலும் நால்வேறு ஒலிகள் பிறக்கின்றன. ஆயினும் நால்வரும் ஒரே மேடைக்குத்தான் செல்கின்றனர். பலகையில் இருப்பது அந்நான்கு சொற்களுள் எதுவும் அன்று. எம்மொழிக்கும் தனியுரிமை ஆகாமல், பொருளை நேரே உணர்த்தி நிற்கும் குறி அது.

எண்ணைப் போலவே வேறு சில குறிகளும் உலகில் வழங்குகின்றன. வேதியியலார் நீருக்கு எழுதும் வாய்பாடு டோக்கியோவிலும் பாரிசிலும் ஒன்றே. மேனாட்டு இசையைத் தாளில் எழுதும் முறையும் அத்தகையதே. ரஷ்ய நாட்டார் ஒருவர் எழுதிய இசையை, ரஷ்ய மொழியில் ஒரு சொல்லும் அறியாத பிரேசில் நாட்டார் ஒருவர் பார்த்த அளவில் வாசித்து விடுகின்றார். எண்ணுக்கும் இசைக்கும் இயன்ற இது, மலை, மழை, தாய், துன்பம், நட்பு என்னும் எல்லாப் பொருள்களுக்கும் இயலுமா? ஒலியை எழுதாமல் பொருளையே எழுதுவதற்கு ஓர் எழுத்து உண்டாக்க முடியுமா? இவ்வினா ஏறத்தாழ நானூறு ஆண்டுகளாக அறிஞர் பலரை உறங்கவிடாமல் செய்துள்ளது.

நாம் எழுதும் எழுத்து ஒலிக்கு வடிவம் தருவது. ‘மலை’ என்று எழுதினால் தமிழ் அறிந்தவருக்கே அது மலையாகும்; மற்றவருக்கு வெறுங்கோடுகளே. சீனர் எழுத்தோ வேறு வகையினது. மலையைக் குறிக்கும் அவர்தம் எழுத்து மூன்று முகடுகளை நிறுத்தி வைத்தாற்போன்றது. அதனைப் பெய்சிங்கில் உள்ளவர் ‘ஷான்’ என்று படிப்பர். கடல் கடந்து ஜப்பானில் உள்ளவர் ‘யாமா’ என்று படிப்பர். பொருள் இருவர்க்கும் மலையே. ஒருவர் பேச்சை ஒருவர் அறியாத கீழ்நாட்டு மக்கள் எழுத்தின் வாயிலாக ஒருவரை ஒருவர் அறிந்துகொள்ளும் இச்செய்தியை, ஆங்கில அறிஞர் பிரான்சிஸ் பேக்கன் 1605-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூல் ஒன்றிற் குறித்தார். உண்மையில் சீன எழுத்துகளிற் பெரும்பாலானவை பொருட்குறிப்போடு ஒலிக்குறிப்பையும் உடன்கொண்டவை. அக்காலத்து ஐரோப்பியர் அதனைத் தெளிவாக அறியார். அறியாமையும் சில நேரங்களில் நன்மை செய்கின்றது; அவர்கள் உள்ளத்தில் ஒரு பெருங்கனவு முளைத்தது.

அக்கனவை முதன்முதலில் முழு நூலாக்க முயன்றவருள் தலையாயவர் ஜான் வில்கின்ஸ். இவர் கிறித்தவச் சமயத் தலைவர். லண்டனில் அரச கழகம் என்னும் அறிவியற் சங்கத்தைத் தோற்றுவித்தவருள் ஒருவர். உலகிலுள்ள எல்லாப் பொருள்களையும் பண்புகளையும் செயல்களையும் இவர் நாற்பது பெரும் பிரிவுகளில் அடக்கினார். ஒவ்வொரு பிரிவையும் உட்பிரிவுகளாகவும், உட்பிரிவை வகைகளாகவும் பகுத்தார். பெயரைக் கேட்டவுடனே பொருளின் இடம் விளங்க வேண்டும் என்பது அவர் கருத்து. ‘டெ’ என்பது பூதம். ‘டெப்’ என்பது பூதங்களுள் முதலாவதாகிய தீ. ‘டெபா’ என்பது தீயின் ஒரு பகுதியாகிய சுடர். 1666-ஆம் ஆண்டில் லண்டன் மாநகரைப் பெருந்தீ விழுங்கியபோது, அச்சேறிக்கொண்டிருந்த அந்நூலின் பெரும்பகுதியும் வெந்து சாம்பலாயிற்று. தீக்குப் புதுப்பெயர் இட்டவரின் நூலைத் தீயே தின்றது. வில்கின்ஸ் சோர்ந்துவிடவில்லை, மீண்டும் எழுதி 1668-இல் வெளியிட்டார்.

அந்நூல் மக்களிடையே வழக்கில் வரவில்லை. காரணத்தை நாமே ஓர் எடுத்துக்காட்டால் அறியலாம். தென்னையை எந்தப் பிரிவில் வைப்பது? மரங்களோடு வைப்பதா? எண்ணெய் தருவனவற்றோடு வைப்பதா? உணவோடு வைப்பதா? கூரை வேய்வதற்கு ஆவனவற்றோடு வைப்பதா? நம் தொல்காப்பியர் புறத்தே வயிரம் உடையவற்றைப் புல் என்றும், அகத்தே வயிரம் உடையவற்றை மரம் என்றும் வகுத்தார். அவர் கண்கொண்டு பார்த்தால் தென்னை மரமே அன்று, புல் ஆகும். இக்காலத்துத் தாவரவியலாரும் தென்னையையும் புல்லையும் ஒருவித்திலைத் தாவரங்கள் என ஒன்றுசேர்த்துப் பேசுகின்றனர். ஆனால் தேங்காய் பறிக்க ஏறுகின்றவரைக் கேட்டால் அது மரம் என்றே கூறுவார். யார் சொல்வது சரி? மூவர் சொல்வதும் சரியே. ஒரு பொருளுக்கு உலகில் ஒரே இடந்தான் உண்டு என்று கொண்டதே வில்கின்ஸ் முறையின் குறை.

ஜெர்மானியப் பேரறிஞர் லைப்னிட்ஸ் வேறொரு வழியைக் கண்டார். எல்லா எண்களும் பகா எண்களின் பெருக்கத்தால் அமைவன. அதுபோல எல்லாக் கருத்துகளும் சில அடிப்படைக் கருத்துகளின் சேர்க்கையால் அமைவனவாகலாம் அன்றோ? 1679-ஆம் ஆண்டில் அவர் எழுதிய குறிப்புகளில் ஓர் எடுத்துக்காட்டு வருகின்றது. ‘விலங்கு’ என்பதற்கு 2 என்னும் எண்ணையும், ‘பகுத்தறிவுடையது’ என்பதற்கு 3 என்னும் எண்ணையும் கொடுப்போம். மனிதன் பகுத்தறிவுடைய விலங்கு. ஆதலின் அவனுக்கு உரிய எண் இரண்டையும் பெருக்கிய 6. மனிதன் விலங்கினத்தைச் சேர்ந்தவனா என்று ஐயம் எழுந்தால் வாதிட வேண்டுவதில்லை. 6 என்பதை 2 மீதியின்றி வகுக்கின்றதா என்று பார்த்தால் போதும்! சிந்தனையைக் கணக்காக்கிவிட்டால், அறிஞர் இருவர் மாறுபடும்போது பூசலிடாமல் அமர்ந்து கணக்கிட்டு முடிவு காணலாம் என்று அவர் நம்பினார். எண்களைக் கூட்டவும் பெருக்கவும் வல்ல பொறி ஒன்றையும் அவரே அமைத்தார். கணிப்பொறி பிறப்பதற்கு இரண்டரை நூற்றாண்டுகளுக்கு முன்னரே, பொருளை எண்ணாக்கிப் பொறியிடம் ஒப்படைக்கும் எண்ணம் இவ்வாறு தோன்றிவிட்டது. ஆயினும் அன்பு, நாணம், மானம் என்பவற்றிற்கு உரிய பகா எண்கள் எவை என்பதை அவரால் சொல்ல இயலவில்லை.

சேர்க்கை என்னும் இவ்வழியில் நம் நாட்டவர் ஒருவரும் நெடுந்தூரம் சென்றார். சீர்காழியில் 1892-இல் பிறந்து, கணித ஆசிரியராய் இருந்து, 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான இரங்கநாதன், நூல்களை அடுக்குவதற்கு முறை தேடினார். லண்டனில் ஒரு கடையில் சிறுவர்க்கான விளையாட்டுக் கருவி ஒன்றைக் கண்டார். துளையிட்ட தகடுகளையும் திருகாணிகளையும் கொண்டு தேராகவும் பாலமாகவும் விரும்பியவாறு பூட்டத்தக்கது அது. நூலின் பொருளையும் இவ்வாறே பூட்டலாம் என்று அவர்க்குத் தோன்றியது. ஒரே கிளையில் நூலைத் தொங்கவிடாமல், அது எதைப் பற்றியது, எச்செயலைக் கூறுவது, எவ்விடத்தது, எக்காலத்தது எனப் பகுத்து, அக்கூறுகளுக்கு உரிய குறிகளை முக்காற்புள்ளியால் இணைத்தார். 1933-இல் வெளியான அம்முறையின் குறி எண்ணைத் தமிழ் அறியாத நூலகரும் படித்து, தமிழ் நூலை அதற்கு உரிய தட்டில் வைக்கலாம்.

நூலகத்துக்கு வெளியே, ஒவ்வொரு மனிதனும் எழுதவும் படிக்கவும் ஆகும் ஒரு பொருளெழுத்தை உண்டாக்கியவர் வரலாறு நெஞ்சை உருக்குவது. 1897-இல் ஆஸ்திரியா-ஹங்கேரிப் பேரரசின் எல்லைப்புறத்தில் இருந்த செர்னோவிட்சு நகரில் ஏழை யூதக் குடும்பத்தில் கார்ல் பிளிட்ஸ் என்பவர் பிறந்தார். அந்நகர் இன்று உக்ரேன் நாட்டில் உள்ளது. ஜெர்மன், உக்ரேனியம், ருமானியம், போலிஷ், இத்திஷ் எனப் பல மொழிகள் அங்குத் தெருவிற் கலந்து ஒலித்தன. ஆனால் மக்கள் கலக்கவில்லை. மொழியால் பிரிந்து ஒருவரை ஒருவர் வெறுத்தனர். சிறுவனாய் இருந்தபோது மின்சுற்றின் வரைபடத்தைக் கண்ட பிளிட்ஸ், எந்நாட்டாரும் படிக்கத்தக்க இப்படத்தைப் போல் ஒரு மொழி இருக்கலாகாதா என்று எண்ணினார்.

அவர் வியன்னாவில் வேதியியற் பொறியியல் கற்று 1922-இல் பட்டம் பெற்றார். 1938-இல் ஹிட்லரின் படை ஆஸ்திரியாவுள் புகுந்தது. யூதராகிய பிளிட்சைப் பிடித்துத் தாக்கௌ, பூக்கன்வால்டு ஆகிய கொடுஞ்சிறைகளில் அடைத்தனர். அவர் மனைவி கிளேர், யூதர் அல்லாதவர். அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கிக் கணவரை 1939-இல் விடுவித்தார். பிளிட்ஸ் இங்கிலாந்து சேர்ந்தார். அந்நாட்டு நகரங்களின்மேல் ஜெர்மானியர் குண்டு பொழிந்த தாக்குதலுக்கு வாய்த்த பெயரும் ‘பிளிட்ஸ்’ என்பதே. ஆதலின் தம் பெயரைப் ‘பிளிஸ்’ என மாற்றிக்கொண்டார். ஆங்கிலத்தில் அதற்குப் பேரின்பம் என்பது பொருள். சொல்லை ஐயுற்று வாழ்ந்த இவரும் ஒரு சொல்லின் சுமையைத் தாங்க இயலாமற்போனது எண்ணத்தக்கது.

1940-ஆம் ஆண்டு முடிவில் கணவனும் மனைவியும் ஷாங்காய் நகரில் ஒன்றுகூடினர். அந்நகரை ஆண்ட ஜப்பானியர் யூத அகதிகளை ஒரு பகுதியில் ஒதுக்கி வைத்தபோது, கிளேர் விலகியிருக்க வழி இருந்தும் கணவரோடு அங்கேயே வாழ்ந்தார். ஷாங்காய்த் தெருக்களில் கடைப்பலகைகளின் சீன எழுத்துகளைப் பிளிஸ் கற்றார். ஒருநாள் அவற்றைப் படித்துக்கொண்டே நடந்தபோது ஓர் உண்மை அவருக்குப் புலப்பட்டது: தாம் அவற்றைச் சீன மொழியிற் படிக்கவில்லை, தம் தாய்மொழியாகிய ஜெர்மனிலேயே படித்துக்கொண்டிருந்தார்! பேக்கன் ஏட்டில் எழுதியதைப் பிளிஸ் தெருவிற் கண்டார்.

1946-இல் ஆஸ்திரேலியாவிற் குடியேறிய பிளிசின் பட்டத்தை அங்கு எவரும் மதிக்கவில்லை. பகலிற் கூலிவேலை செய்து இரவில் எழுதினார். 1949-இல் அவர் நூல் வெளிவந்தது. அவர் அமைத்த எழுத்தின் அடிப்படைக் குறிகள் ஏறத்தாழ நூறே. அலைபோன்ற வளைகோடு நீர். கூரையிட்ட கட்டம் வீடு. நெஞ்சின் வடிவம் உணர்வு. நெஞ்சின் பக்கத்தில் மேல்நோக்கிய அம்பை இட்டால் மகிழ்ச்சி. கீழ்நோக்கிய அம்பை இட்டால் துயரம். பெண்ணின் குறிமேல் காப்பைக் குறிக்கும் கூரையை இட்டால் தாய். ஒரு குறியின்மேல் சிறு கூம்பு இட்டால் அது வினையாகும். கூம்பைக் கவிழ்த்து இட்டால் பண்பாகும். சிலவற்றைப் பூட்டிப் பலவற்றை ஆக்கும் முறை இங்கும் வந்துவிட்டதைக் காண்க.

கிளேர் உலகெங்கும் உள்ள கல்வியாளர்க்கும் பல்கலைக்கழகங்களுக்கும் ஆயிரக்கணக்கான கடிதங்கள் விடுத்தார். பயன் ஒன்றும் இல்லை. 1961-இல் அவர் இறந்தார். தம் எழுத்தால் போரே இல்லாத உலகம் அமையும் என்று நம்பிய பிளிஸ் தனித்து நின்றார்.

பத்தாண்டுகள் கழித்து, அவர் கனவிலும் கருதாத ஓர் இடத்தில் அவ்வெழுத்து உயிர்பெற்றது. கனடா நாட்டு டொராண்டோ நகரில் உடற்குறையுற்ற குழந்தைகளுக்கான நிலையம் ஒன்று இருந்தது. மூளைவாதத்தால் நாவும் கையும் தம் வசமில்லாத குழந்தைகள் பலர் அங்கு வளர்ந்தனர். அவர்கள் செவிக்குக் குறையில்லை; அறிவுக்கும் குறையில்லை. ஆனால் பேச இயலாது. எழுதுகோல் பிடிக்க இயலாது. உணவு, படுக்கை, கழிப்பிடம் ஆகியவற்றின் படங்களைத் தீட்டிய பலகையை முன்னே வைத்து, வேண்டியதைச் சுட்டச் செய்வர். ‘நேற்று’ என்பதற்கு என்ன படம் வரைவது? ‘எனக்கு அச்சமாய் இருக்கின்றது’ என்பதற்கு என்ன படம்? உண்ணவும் உறங்கவும் கேட்கலாம். உள்ளத்தில் உள்ளதைச் சொல்ல வழியில்லை. 1971-இல் ஷர்லி மெக்னாட்டன் என்னும் ஆசிரியையும் அவர்தம் தோழரும் பிளிசின் நூலைக் கண்டெடுத்துக் குழந்தைகளுக்கு அக்குறிகளைக் கற்பித்தனர். குழந்தைகள் சுட்டினர், சேர்த்தனர், பலகையில் இல்லாத பொருளுக்கும் இருக்கும் குறிகளைப் பூட்டிப் புதுச்சொல் ஆக்கினர். ஒவ்வொரு குறியின் கீழும் ஆங்கிலச் சொல் எழுதப்பட்டமையால், குறியைக் கல்லாத தாய்தந்தையரும் தம் மக்கள் கூறுவதைப் படித்தறிந்தனர். பிற நாடுகளிலும் அம்முறை பரவியது.

செய்தி அறிந்த பிளிஸ் டொராண்டோ சென்று குழந்தைகளைக் கண்டு மகிழ்ந்தார். அம்மகிழ்ச்சி நிலைக்கவில்லை. ஆசிரியர்கள் குழந்தைகளின் தேவைக்கேற்பக் குறிகளை மாற்றினர், புதியன சேர்த்தனர், ஆங்கிலம் கற்பதற்கு ஏணியாகவும் அவற்றைக் கொண்டனர். உலகப் பொதுவெழுத்தை ஒரு மொழிக்கு ஏணியாக்குவதா என்று பிளிஸ் சினந்தார். பூசல் பல ஆண்டு நீண்டு, வழக்கு வரை சென்று, 1982-இல் உடன்பாட்டில் முடிந்தது. மூன்றாண்டிற்குப் பின் அவர் காலமானார். பழியை ஒருவர்மேல் சுமத்துவது எளிதன்று. கோடுகளின் அளவு மாறினால் பொருள் மாறும் என்று அஞ்சிய தந்தை ஒருபுறம். இன்று பேச வேண்டிய குழந்தை ஒருபுறம். ஆனால் 7 என்னும் எண்ணை எழுதுவதற்கு நாம் எவரிடமும் இசைவு கேட்பதில்லை. எல்லார்க்கும் உரிய எழுத்து ஒருவரது உடைமையாகவும் இருக்க இயலாது என்பதைப் பிளிஸ் ஏற்கவில்லை என்றே எனக்குத் தோன்றுகின்றது.

பிளிசின் எழுத்தைப் படிப்பவர் மனிதர். நாற்காலிக் குறியையும் நீர்க்குறியையும் சேர்த்துக் குழந்தை சுட்டினால், அது கழிப்பிடத்தைக் குறிப்பது என்று நாம் ஊகித்துக்கொள்வோம். கணிப்பொறியோ ஊகிக்கும் தாய் அன்று. நனைந்த நாற்காலியா, நீரில் மிதக்கும் நாற்காலியா என்று அது அறியாது. எனவே பொறிக்கு எழுதும்போது பொருள்களைக் குறித்தால் மட்டும் போதாது. பொருளுக்கும் பொருளுக்கும் உள்ள உறவையும் குறிக்க வேண்டும்.

உறவு என்றால் என்ன என்பதை மாணவர் இலக்கண வகுப்பிலேயே அறிந்துள்ளனர். ‘முருகன் கத்தியால் பழத்தை அறுத்தான்’ என்னும் தொடரில் முருகன் எழுவாய்; பழம் செயப்படுபொருள்; கத்தி கருவி. தமிழில் இவ்வுறவுகளை வேற்றுமை உருபுகள் காட்டுகின்றன. ஆங்கிலத்தில் எழுவாயையும் செயப்படுபொருளையும் சொல் நிற்கும் இடம் காட்டுகின்றது. கருவியைத் தனிச்சொல் ஒன்று காட்டுகின்றது. காட்டும் வழி வேறு, உறவு ஒன்றே. ஆகவே உருபையும் சொற்கிடக்கையையும் களைந்துவிட்டு, ‘அறுத்தல்: செய்பவன் முருகன், செயப்பட்டது பழம், கருவி கத்தி, காலம் இறப்பு’ என்று எழுதி வைத்தால், அதிலிருந்து எம்மொழித் தொடரையும் ஆக்கலாம் அல்லவா? டோக்கியோவில் உள்ள ஐக்கிய நாடுகள் பல்கலைக்கழகம் 1996-இல் தொடங்கிய ‘உலகளாவிய வலையமைப்பு மொழி’ என்னும் திட்டம் இக்கருத்தின்மேல் எழுந்ததே. சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தாரும் தமிழை இம்முறைக்குப் பொருத்தி ஆராய்ந்தனர். ஆனால் அதில் பொருள்களுக்கு இட்ட குறிகள் ஆங்கிலச் சொற்களை அடியாகக் கொண்டவை. எம்மொழியும் சாராத மொழி ஆங்கிலச் சட்டை அணிந்தே அவைக்கு வந்தது!

சட்டையைக் களைந்தவர்கள் பின்னர் வந்தனர். இணையத்தில் விக்கிப்பீடியா என்னும் கலைக்களஞ்சியம் பல மொழிகளில் வளர்ந்தபோது ஓர் இடர் தோன்றியது. ஒரு நகரத்தின் மக்கள்தொகை மாறினால் ஆங்கிலப் பக்கத்தில் திருத்துவர். தமிழ்ப் பக்கத்தில் பழைய எண்ணே நிற்கும். வேறொரு மொழியில் அந்நகரத்திற்குப் பக்கமே இராது. செய்தியை ஒரே இடத்தில், எம்மொழிக்கும் பொதுவாய் வைக்கும் பொருட்டு 2012-இல் ‘விக்கித்தரவு’ தொடங்கப்பட்டது. அங்கு ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் எண் உண்டு. எண்ணின் முன் ‘க்யூ’ என்னும் எழுத்து நிற்கும். பூமி க்யூ 2. சென்னை க்யூ 1352. தமிழ்நாடு க்யூ 1445. உறவுகளுக்கும் எண் உண்டு; அவற்றின் முன் ‘பி’ நிற்கும். தலைநகர் என்னும் உறவு பி 36. ஆகவே ‘க்யூ 1445, பி 36, க்யூ 1352’ என்பது ஒரு முழுச்செய்தி. அதனைத் தமிழர் ‘தமிழ்நாட்டின் தலைநகர் சென்னை’ என்று படிப்பர்; ஜப்பானியர் தம் மொழியிற் படிப்பர்; பொறி படிக்காமலே கணக்கிடும். தென்னையை எங்கே வைப்பது என்னும் வில்கின்சின் இடரும் இங்கு இல்லை. ஒரே எண்ணிலிருந்து எத்தனை உறவுகளை வேண்டுமாயினும் நீட்டலாம். பத்துக் கோடிக்கும் மேற்பட்ட பொருள்கள் அதில் இடம்பெற்றுள்ளன. எவரும் சேர்க்கலாம், எவரும் திருத்தலாம், எவரும் எடுத்து ஆளலாம். இசைவு கேட்க வேண்டுவதில்லை. பிளிசுக்கு வாராத மனம் இதனை அமைத்தவர்க்கு வாய்த்தது.

ஆயினும் பொருளையும் மொழியையும் முற்றும் பிரிப்பது எளிதென்று எண்ணிவிட வேண்டா. விக்கித்தரவில் தொடக்கத்தில் ஆண் உடன்பிறப்புக்கு ஓர் உறவும், பெண் உடன்பிறப்புக்கு ஓர் உறவும் இருந்தன. பின்னர் இரண்டையும் ஒன்றாக்கி ‘உடன்பிறந்தவர்’ என்று வைத்தனர்; ஆணா பெண்ணா என்பதைத்தான் அவரவர் குறிப்பிலிருந்தே அறியலாமே. ஆங்கிலத்திற்கு இது போதும். தமிழனுக்கோ உடன்பிறந்தவன் அண்ணனா தம்பியா என்று தெரியாமல் வாய் திறக்க வராது. வானூர்தி கண்ட ரைட் உடன்பிறந்தாரை நினையுங்கள். வில்பர் 1867-இல் பிறந்தார். ஆர்வில் 1871-இல் பிறந்தார். இவ்விரு ஆண்டுகளும் குறிக்கப்பட்டிருப்பின், பொறி ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்து, ‘வில்பரின் தம்பி ஆர்வில்’ என்று தவறின்றி எழுதும். அமர்ந்து கணக்கிடுவோம் என்ற லைப்னிட்சின் ஆசை இவ்வளவில் நிறைவேறியது. பிறந்த ஆண்டு தெரியாத பழங்கால மன்னர் இருவராயின்? அப்போது பொறி ‘உடன்பிறந்தவர்’ என்னும் பொதுச்சொல்லோடு நின்றுவிட வேண்டியதுதான். ‘வந்தான்’ என்பதா ‘வந்தார்’ என்பதா? ‘நாம்’ என்பதா ‘நாங்கள்’ என்பதா? கேட்பவரை உள்ளடக்குவது ‘நாம்’, விலக்குவது ‘நாங்கள்’. ஆங்கிலத்தில் எழுதியவர் இவ்வேறுபாட்டை நினைத்தே இருக்கமாட்டார். குறிக்காத ஒன்றைப் பொறி எங்கிருந்து எடுக்கும்? பொதுவான குறிப்பு என்பது எல்லா மொழிகளும் கேட்கும் வினாக்களுக்கு விடையை முன்னரே எழுதி வைப்பதாய் இருக்க வேண்டும். அவ்வினாக்களை அவ்வம்மொழியினரே கேட்டால் அன்றி எவரும் அறியார்.

தனிச்செய்திகளோடு நில்லாமல், முழுக்கட்டுரைகளையே மொழி சாராத குறிப்பாக எழுதி வைத்து, அவரவர் மொழியிற் படிக்கச் செய்யும் திட்டம் ஒன்றை விக்கிமீடியா நிறுவனம் 2020-இல் மேற்கொண்டது. நூலும் இணையப்பக்கமும் குறைந்த மொழிகளைப் பேசும் சிறுவர்க்கும், ஆங்கிலச் சிறுவர்க்குக் கிடைக்கும் அறிவு கிடைக்க வேண்டும் என்பதே அதன் நோக்கம். குறிப்பைத் தொடராக்கும் விதிகளைத் தொகுப்பதற்கு ‘விக்கிச் செயற்கூறுகள்’ என்னும் தளம் 2023-ஆம் ஆண்டு திசம்பரில் திறக்கப்பட்டது. அங்கு ஒவ்வொரு மொழியின் இலக்கணத்தையும் பொறி பின்பற்றும் விதிகளாக எழுத வேண்டும். அதற்குக் கணிப்பொறி வல்லார் மட்டும் போதார். இலக்கணம் அறிந்தவரும் வேண்டும். ‘அறுத்தல்: செயப்பட்டது மரம்’ என்னும் குறிப்பைப் பெற்ற பொறி, ‘கடல்’ என்பது ‘கடலை’ ஆவது கண்டு, ‘மரம்’ என்பதை ‘மரமை’ என்று எழுதிவிடும். மகர ஈறு கெட்டு, அத்துச் சாரியை வந்து, ‘மரத்தை’ ஆகும் என்று அதற்கு ஒருவர் சொல்லித் தர வேண்டும். ‘வீடு’ என்பது ‘வீட்டை’ ஆகும். ‘ஆறு’ என்பது ஓடும் நீராயின் ‘ஆற்றை’ ஆகும், எண்ணாயின் ‘ஆறை’ ஆகும். இவ்விதிகளை வகுப்பில் ஒருமுறை எழுதிப் பார்த்த மாணவர்க்கு அப்பொறி எந்த இடத்தில் தடுமாறும் என்பது தெரியும்.